ஏரிக்கரைத் தம்பிகளின் கேள்விகளுக்கு ஒரு பீரங்கிக்காரனின் பதில்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் தினமும் விடியற்காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கிற இளைஞர்கள் ஒன்பது பேர், சென்ற வாரம் ஒரு நோட்டுத் தாளில் பதின்மூன்று கேள்விகளை எழுதி என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு இடக்காது கேட்காது என்பதும், நாலைந்து பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதும் ஊருக்கே தெரியும். அதனால்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் எழுதியே பதில் சொல்கிறேன். 1991-இல் பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தேன். இருபத்தாறு ஆண்டுகள் பீரங்கிப் படையில் இருந்து, 2017-இல் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றேன். 1999 கார்கில் போரின்போது டிராஸ் பகுதியில் 155 மில்லிமீட்டர் போபர்ஸ் பீரங்கி ஒன்றில் நாயக் பதவியில் இருந்தேன். என் ரெஜிமென்ட்டின் எண்ணையும் கூட இருந்தவர்களின் பெயர்களையும் இதில் எழுதவில்லை; அவர்களில் சிலருடைய வீடுகளில் அந்தப் பேச்சை இன்னும் யாரும் எடுப்பதில்லை.

"ஏன் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள்?" என்பது முதல் கேள்வி. நாட்டுப்பற்று என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். எங்களுக்கு அப்போது இருந்தது இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூன்று வருடமாகச் சரியாகக் காய்க்கவில்லை. அக்காவுக்குக் கல்யாண வயது வந்திருந்தது. வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது ஒரு புதுச் செய்தியும் இல்லை; கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிற சீமை இது. மாதம் பிறந்தால் மணியார்டர் வரும் என்ற ஒரே கணக்கில்தான் அப்பா என்னை ஆள் எடுப்புக்கு அனுப்பினார். பற்று என்று ஒன்று வந்தது பின்னால்தான். அதுவும் முதலில் கூட நின்ற ஆட்களின் மீதும், நான் துடைத்து எண்ணெய் போட்ட பீரங்கியின் மீதும் வந்தது. காலாட்படைக்குக் கொடி எப்படியோ, பீரங்கிப் படைக்குப் பீரங்கியே அப்படி. எங்கள் அணிவகுப்பில் மரியாதை அதற்குத்தான்.

மொழி தெரியாமல் சிரமப்பட்டீர்களா, சாதி பார்ப்பார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐதராபாத்தில் கோல்கொண்டா பக்கம் உள்ள பயிற்சி மையத்தில் முதல் இரண்டு மாதம் எனக்குப் புரிந்த இந்தி, வசவுகள் மட்டுமே. ஆறாவது மாதத்தில் கனவே இந்தியில் வந்தது. சாதியை யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் ஒரே லங்கரில் சாப்பிட்டு, ஒரே பாரக்கில் படுத்து, அடுத்தவன் தவறு செய்தால் மொத்தப் பேரும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியிருக்கிற இடத்தில், அதைப் பிடித்துக்கொண்டிருக்க அதிக நேரம் கிடைப்பதில்லை.

இனி போருக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் 1999-க்குப் பிறகு பிறந்தவர்கள் என்பதால் நடந்ததை நாலு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். கார்கில் பகுதியின் உச்சி முகாம்கள் சிலவற்றைப் பனிக்காலத்தில் இரு தரப்பும் காலி செய்துவிட்டு, கோடையில் திரும்பி வருவது வழக்கமாக இருந்தது. அந்த முறை பாகிஸ்தானின் வடக்கு இலகுரகக் காலாட்படையினர் பனியோடு பனியாகக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, முஷ்கோவிலிருந்து டிராஸ், காக்சர், படாலிக் வழியாக துர்துக் வரை முகடுகளில் கல்லடுக்கிப் பதுங்கு குழிகள் கட்டிவிட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் படாலிக் பக்கம் ஆடு மாடு மேய்ப்பவர்கள் பார்த்துச் சொன்ன பிறகே நமக்குத் தெரிந்தது. அந்த முகடுகளிலிருந்து பார்த்தால் ஸ்ரீநகர் – லே நெடுஞ்சாலை காலடியில் கிடக்கிறது. லடாக்குக்கும் சியாச்சினுக்கும் அரிசியும் டீசலும் போகிற சாலை அது. அதில் போகும் ஒவ்வொரு லாரியும் மேலே உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணில் பட்டது. மே முதல் ஜூலை 26 வரை நடந்த சண்டையில் நம் தரப்பில் 527 பேர் உயிரிழந்தார்கள். 1,300-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

மே மாதத்தில் முதலில் மேலே ஏறிய காலாட்படைப் பிரிவுகளுக்குப் பின்னால் போதிய பீரங்கிகள் இல்லை. எதிரி எத்தனை பேர், என்ன வைத்திருக்கிறான் என்பதும் சரியாகத் தெரியவில்லை. நம் திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், முதலாம் பீகார் பட்டாலியனின் ஆட்களோடு படாலிக்கில் ஏறி, மே 29 அன்று வீழ்ந்தார். அவருடைய உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. திருச்சியில் அவர் நினைவிடத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒரு மாதக் கணக்கு தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு. எங்களைப் போன்ற பீரங்கி ரெஜிமென்ட்டுகள் சோஜிலா கணவாயைத் தாண்டி டிராஸுக்கு வந்து குவிந்தது அதன் பிறகுதான்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 1986-இல் ஸ்வீடனிடம் 410 போபர்ஸ் பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் போட்டு, மறு வருடமே அதில் லஞ்சம் என்று செய்தி வெடித்து, அந்தப் பெயரே நாட்டில் கெட்ட வார்த்தையாகிவிட்டது. விடுமுறையில் ஊருக்கு வந்து, போபர்ஸில் இருக்கிறேன் என்று சொன்னால், "உனக்கு எவ்வளவுப்பா கமிஷன் வந்தது?" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். 1999 ஜூலைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வாங்கியவர்களின் யோக்கியதை வேறு, பீரங்கியின் யோக்கியதை வேறு என்பதை எனக்குத் தெரிந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"போர் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், கனமாக இருக்கும். இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஒரு 155 மில்லிமீட்டர் குண்டின் எடை ஏறத்தாழ 43 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையைவிட ஏழு கிலோ குறைவு, ஆனால் மூட்டையைப் போல தோளில் பதிந்து உட்காராது, வழவழவென்று நழுவும். போபர்ஸில் குண்டைத் தூக்கி ஏற்ற ஒரு சிறிய கிரேன் உண்டு என்பது உண்மை. ஆனால் லாரி வந்து நிற்கிற இடத்திலிருந்து பீரங்கிக்குப் பின்னால் அடுக்குகிற இடம் வரைக்கும் மனித முதுகுதான். டிராஸ் கிட்டத்தட்ட 10,800 அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்தவன் அங்கே வெறுங்கையோடு பத்து அடி வேகமாக நடந்தாலே மூச்சு முட்டும். 9,000 அடிக்கு மேல் போகிறவர்களை முதல் கட்டத்தில் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் அனுப்ப வேண்டும் என்பது ராணுவ விதி. மீறினால் நுரையீரலில் நீர் கோத்து, குண்டு படாமலேயே ஆள் போய்விடுவான். இந்த நிலைமையில், சாலை எதிரியின் பார்வையில் இருந்ததால் லாரிகள் முகப்பு விளக்கை அணைத்துக்கொண்டு இரவில்தான் வரும். வந்த லாரியை விடிவதற்குள் காலி செய்து திருப்பி அனுப்ப வேண்டும். என் நினைவில் உள்ள கார்கில் போரில் பெரும்பகுதி, இருட்டில், யாரோ ஒருவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சோடு அணைத்த இரும்போடு நடந்ததுதான். அந்த இரண்டரை மாதத்தில் பீரங்கிப் படை மொத்தமாகச் சுட்டது சுமார் இரண்டரை லட்சம் குண்டுகளும் ராக்கெட்டுகளும் என்று பிறகு படித்தேன். படித்தபோது எனக்கு முதலில் வலித்தது இடுப்பு.

குறி எப்படி வைப்பீர்கள், எதிரி தெரிவானா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பெரும்பாலான நேரம் பீரங்கிக்காரனுக்கு எதிரி தெரியமாட்டான். காலாட்படையோடு மேலே ஏறிப் போகிற எங்கள் கண்காணிப்பு அதிகாரி, ஓ.பி. என்போம், இலக்கு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதை வயர்லெஸ்ஸில் சொல்வார். கமாண்ட் போஸ்ட்டில் அதைக் கணக்குப் போட்டு, இத்தனை மில் (கோணத்தை அளக்கிற அலகு) திசை, இத்தனை மில் ஏற்றம், இத்தனையாவது சார்ஜ் (வெடிமருந்தின் அளவு) என்று ஒவ்வொரு பீரங்கிக்கும் எண்கள் வரும். எங்களுக்கு எதிரி என்றால் அந்த எண்கள். ஒரு குண்டைச் சுட்டு, விழுந்த இடத்தை ஓ.பி. பார்த்து, "இடது 100, ஆட் 50" என்று, அதாவது இடப்பக்கம் 100 மீட்டர் நகர்த்து, தூரத்தில் 50 மீட்டர் கூட்டு என்று திருத்துவார். திருத்தித் திருத்தி, சரியான இடத்தில் விழுந்ததும் எல்லாப் பீரங்கிகளும் ஒன்றாகச் சுடும். போபர்ஸ் பன்னிரண்டு பதினான்கு விநாடிக்குள் மூன்று குண்டுகளை அனுப்பிவிடும்.

சமவெளியில் ஐம்பது மீட்டர் தள்ளி விழுந்தால் ஐம்பது மீட்டர் தவறு, அவ்வளவுதான். மலையில் அந்தக் கணக்கு வேறு. முகட்டில் இருக்கிற பதுங்கு குழிக்கு வைத்த குறி இருபது மீட்டர் நீண்டுவிட்டால், குண்டு முகட்டைத் தாண்டி மறுபக்கப் பள்ளத்தாக்கில் எங்கோ கீழே போய் வெடிக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இருபது மீட்டர் குறைந்துவிட்டால், அந்தச் சரிவில்தான் நம் ஆட்கள் பாறையைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மற்றவர்கள் கவனிக்காத சின்ன விஷயங்களையெல்லாம் நாங்கள் கவனிக்க வேண்டியிருந்தது. உயரத்தில் காற்று மெல்லியது, குண்டு கூடுதல் தூரம் போகும். வெடிமருந்துப் பை இரவில் குளிர்ந்துபோனால் அதன் உந்துதல் குறையும், குண்டு இலக்கை எட்டாமல் முன்பே விழும். அதற்காக மருந்துப் பைகளுக்கு நடுவே ஒரு வெப்பமானியைச் செருகி வைத்து, நேரத்துக்கு நேரம் பார்த்துக் கமாண்ட் போஸ்ட்டுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பீரங்கியில் அந்த வேலை சில இரவுகளில் என்னுடையது. கையுறையைக் கழற்றி, பென்டார்ச்சின் மேல் சிவப்புத் துணி சுற்றி, எண்ணைப் படித்துச் சொல்வேன். ஜூன் மாதத்து டிராஸ் இரவில் உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். தவறாகப் படித்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்து இரண்டாம் முறை கழற்றிப் பார்த்த இரவுகளும் உண்டு. எனக்குத் தெரிந்த வீரம் என்பது ஏறத்தாழ அவ்வளவுதான்: தூக்கம் கண்ணைச் சொருகும்போதும் இரண்டாம் முறை பார்ப்பது.

இப்படித்தான் தோலோலிங் முகட்டுக்கும், அதன் பிறகு 5140, டைகர் ஹில், 4875 (எண்கள் மீட்டரில் அந்த முகடுகளின் உயரம்) ஆகியவற்றுக்கும் ஏற்பாடு நடந்தது. காலாட்படை ஏறுகிறவரை நாங்கள் முகட்டை அடித்துக்கொண்டே இருப்போம். எதிரி தலையைத் தூக்க முடியாது. நம் ஆட்கள் சில நூறு மீட்டர் நெருங்கியதும் அடியை முகட்டுக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். அதற்குப் பிறகு நடப்பது எங்களுக்குத் தெரியாது. வயர்லெஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். ஜூன் 13 விடியலில், இரண்டாம் ராஜபுதன ரைபிள்ஸ் தோலோலிங்கைப் பிடித்துவிட்டது என்று செய்தி வந்தபோது எங்கள் பீரங்கிக் குழுவில் யாரும் கத்தவில்லை. இரண்டு பேர் அப்படியே சார்ஜ் பெட்டியின் மேல் உட்கார்ந்து தூங்கிவிட்டார்கள். 5140 முகட்டுக்கு 2022-இல் பீரங்கிப் படையின் நினைவாக கன் ஹில் என்று பெயர் வைத்தார்கள். பேத்திக்குக் கைப்பேசியில் படம் காட்டினேன். "வெறும் கல்லா இருக்கே தாத்தா" என்றாள்.

"பயமாக இருந்ததா?" என்று ஐந்து பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், கையெழுத்து மட்டும்தான் வேறு. இருந்தது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. சுட்டுக்கொண்டிருக்கும்போது பயப்பட நேரமே இருக்காது. கை அதன் வேலையைச் செய்யும், வாய் எண்களைத் திருப்பிச் சொல்லும். பயம் வருவது சுடாமல் காத்திருக்கும்போது. எதிரியின் பீரங்கிகளுக்கும் கண் இருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் இடத்தைப் பார்த்துச் சொல்ல, மறுபக்கத்திலிருந்து குண்டு வரும். வருகிற குண்டு எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்கிற ரேடார் அப்போது நம்மிடம் சரியாக இல்லை. போருக்குப் பிறகுதான் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். தலைக்கு மேல் கடந்து போகிற குண்டின் சத்தம் புதுத் துணியைக் கிழிப்பதுபோல நீளும். அது நல்ல சத்தம். பக்கத்தில் விழப்போவது அவ்வளவு அவகாசம் தராது. முதல் நாள் நான் பீரங்கியின் காலடியில் குப்புற விழுந்து, வாய்க்குள் மண் போனதுகூடத் தெரியாமல் கிடந்தேன். எங்கள் பீரங்கியின் ஹவில்தார் என்னைத் திட்டவில்லை. "மண்ணைத் துப்பிவிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சாவை மட்டும் சொல்கிறேன். பக்கத்துப் பீரங்கியில் ஆந்திராவைச் சேர்ந்த ஒருவன், என்னைவிட நாலு வயது இளையவன், குண்டு இறக்கிக்கொண்டிருந்த இரவில் சிதறல் பட்டுப் போனான். அதை நான் பார்க்கவில்லை. மறுநாள், இறந்தவனுடைய சாமான்களைப் பட்டியல் எடுக்க இருவரை உட்கார வைப்பார்கள். விதி அது, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கைக்குட்டைகூடக் குறையக்கூடாது. எழுதத் தெரிந்தவன் என்று என்னை உட்காரவைத்தார்கள். கம்பளி ஸ்வெட்டர் இரண்டு, சவரப் பெட்டி ஒன்று, பர்ஸில் 260 ரூபாய், வெங்கடாசலபதி படம் ஒன்று, எழுதாத இன்லாண்ட் லெட்டர் நான்கு. அந்த நான்கில் இரண்டு என்னுடையவை, முந்தின வாரம் கடனாக வாங்கியிருந்தான். அவற்றை எடுத்துக்கொள்வதா, பட்டியலில் சேர்ப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) சாப், என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி நான்கு என்று எழுதினேன்.

"நீங்கள் எத்தனை பேரைக் கொன்றீர்கள்?" இந்தக் கேள்வியை எழுதிய தம்பி கடைசியில் ஒரு சிரிப்புப் படமும் வரைந்திருக்கிறார். கோபமில்லை, சினிமாவில் எல்லோரும் எண்ணிக்கை சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது என்பதே என் பதில். தப்பிப்பதற்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு புத்தகம் உண்டு; எந்தத் தேதியில், எந்த சார்ஜில், எத்தனை குண்டு சுட்டது என்று அதில் ஒன்று விடாமல் ஏற வேண்டும், ஏனென்றால் குழாயின் தேய்மானத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். எங்கள் பீரங்கியின் குழாய் எவ்வளவு தேய்ந்தது என்பதை மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்ல முடியும். மறுமுனையில் என்ன ஆனது என்பதற்குப் புத்தகம் கிடையாது. பல பீரங்கிகள் ஒரே முகட்டை அடிக்கும்போது, எந்தக் குண்டு யாருடையது என்று ஓ.பி.க்கும் தெரியாது. யாரையும் கொல்லவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது, கொன்றேன் என்று ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளவும் முடியாது. காலாட்படை நண்பர்கள் சிலர் தாங்கள் பார்த்த முகத்தைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்பது நிம்மதியா என்று கேட்டால், சில வருடம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜூலைக் கடைசியில் பிடிபட்ட ஒரு முகட்டுக்கு எங்களில் சிலரை அழைத்துப் போனார்கள், எங்கள் குண்டு என்ன செய்திருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள. ஏறவே அரை நாளுக்கு மேல் ஆனது, பகலில், யாரும் சுடாதபோது, முதுகில் ஒன்றும் இல்லாமல். காலாட்படைக்காரன் இதே சரிவில் இரவில் துப்பாக்கியும் குண்டும் சுமந்து ஏறியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே கல்லடுக்கிக் கட்டிய சுவர் ஒருபக்கம் பொடிப்பொடியாகச் சிதறியிருந்தது. குண்டைவிடப் பாறைச் சில்லுகள்தான் அங்கே அதிகம் வெட்டியிருக்கும். ஒரு மூலையில் கவிழ்ந்த மண்ணெண்ணெய் அடுப்பு. பக்கத்தில் கரிபிடித்த பாத்திரம். அதன் அடியில் ஒட்டிக் காய்ந்த அரிசி, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு, வேகாமல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாப்பாடு எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டிராஸ் உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அரிசி நடுவில் நறுக்கென்று இருக்கும். பிரஷர் குக்கர் வேண்டும். அதனால் எங்கள் லங்கரில் பூரியும், சக்கர்பாராவும், டப்பா உணவும்தான் அதிகம். சோறு சோறு என்று எங்கள் தென்னிந்திய ஆட்கள் புலம்புவோம். அந்தப் பாத்திரத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் புலம்பவில்லை.

எதிரியை வெறுத்தீர்களா என்பதற்கும் அந்த முகட்டுக் காட்சிதான் என் பதிலின் ஒரு பாதி. மறுபாதி எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வந்தவர்கள் தங்கள் ராணுவமே இல்லை என்று பாகிஸ்தான் அப்போது சாதித்தது; அதனால் அவர்களுடைய பல உடல்களை வாங்கிக்கொள்ளவில்லை. நம் ஆட்கள்தான் அவர்களுடைய மதமுறைப்படி அங்கேயே அடக்கம் செய்தார்கள். டைகர் ஹில் பகுதியில் கடைசிவரை நின்று சண்டை போட்ட கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது அவர் பெயர், பதவி அல்ல) என்ற அவர்களுடைய இளம் அதிகாரியின் உடலைத் திருப்பிக் கொடுத்தபோது, அவர் வீரத்தோடு சண்டையிட்டார் என்று நம் பிரிகேடியர் பஜ்வா ஒரு சீட்டு எழுதி வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் பிறகு அவருக்கு நிஷான்-இ-ஹைதர் கொடுத்தது; அவர்களுக்கு அதுதான் உச்ச விருது. வெறுப்பு நிறைய இருந்தது, நான் மறுக்கவில்லை, குறிப்பாகப் பக்கத்துப் பீரங்கியில் அந்தப் பையன் போன வாரத்தில். ஆனால் உச்சக்கட்ட வெறுப்பை நான் பார்த்தது போர்முனையில் இல்லை. விடுமுறையில் ரயிலில் வரும்போது, சீருடையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த, வாழ்நாளில் ஒரு பட்டாசுத் திரிகூடக் கிள்ளாத மனிதர்களிடம்தான்.

வீட்டுக்குப் பேசுவீர்களா என்று கேட்டவருக்கு: கைப்பேசி கிடையாது. முகவரி எல்லோருக்கும் ஒன்றுதான், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., அதாவது ராணுவத் தபால் நிலையம். எங்கே இருக்கிறோம் என்று எழுதக்கூடாது. "நலம், மழை உண்டா, மல்லாட்டை எப்படி" என்று எழுதுவேன். என் மனைவி அப்போது மூத்தவளைச் சுமந்திருந்தாள். டிராஸ் என்ற பெயர் தினமும் செய்தியில் வர, என் கடிதத்தில் மழையைப் பற்றியே இருந்ததால், நான் அங்கே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தாளாம். அல்லது நம்பியதாக என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போருக்குப் பிறகு உடம்பும் மனசும் எப்படி என்ற கேள்விக்கு, நீங்கள் சேர்ந்தால் பயன்படக்கூடிய ஒரே அறிவுரையைச் சொல்கிறேன். என் இடக்காது 1999-லேயே போகத் தொடங்கிவிட்டது. சத்தத்துக்குக் காதில் அடைப்பு வைக்க வேண்டும் என்பது தெரியும். வைத்தால் கட்டளை கேட்காது என்று பாதி நேரம் எடுத்துவிடுவோம். கேட்கவில்லை என்று மருத்துவரிடம் சொன்னால் தகுதி குறைந்த மருத்துவப் பிரிவில் போட்டு, பதவி உயர்வை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் பதினைந்து வருடம் மறைத்தேன். ஓய்வு பெறும்போது நடக்கிற மருத்துவக் குழுவில் உண்மை வெளிப்பட்டது; ஆனால் இது பணியால் வந்தது என்பதற்கு உன் பழைய பதிவு எங்கே என்று கேட்டார்கள். பதிவே இல்லை, மறைத்தவன் நான்தானே. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குக் குறைபாடு குறைந்தது 20 சதவீதம் என்றும், அது பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்றும் நிரூபிக்க வேண்டும். முதல் மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்து, அலைந்து, இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. ஆகவே வலித்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள், சொன்னதைக் காகிதத்தில் ஏற்றுங்கள். அந்தக் காகிதத்தின் நகலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மனசைப் பொறுத்தவரை, தீபாவளியன்று நான் ஏரியின் மறுகரைக்குப் போய்விடுவேன். ஒரு பட்டாசு என்றால் பரவாயில்லை. வரிசையாகச் சரம் வெடித்தால், அடுத்து எண்கள் வரவேண்டும் என்று காது காத்திருக்கிறது.

அக்னிபாத்தில் சேரலாமா என்று எல்லோரும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 2022 ஜூனில் வந்த திட்டம் இது. நான்கு ஆண்டுப் பணி. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் வருடம் 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்து, அதே அளவு அரசும் போட்டு, முடிவில் வட்டியோடு 11 லட்சத்துச் சொச்சம் கையில் வரும். நான்கில் ஒருவர் வரைக்கும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. எனக்கு மாதாமாதம் வருகிற ஓய்வூதியமும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லாவிட்டால் இந்தக் காதோடு நான் எங்கே நின்றிருப்பேன் என்று யோசிக்கிறேன். ஒரு பீரங்கியில் குறி வைப்பவனை நம்பிக் கண்ணை மூட எங்கள் காலத்தில் நாலைந்து வருடம் ஆகும். அந்த வருடத்தில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்புவது படைக்கு நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் உங்களைப் போகாதே என்று தடுக்கமாட்டேன். இருபத்தைந்து வயதில் 11 லட்சமும், ஒழுங்கும், இந்தியும் உள்ள ஒரு இளைஞனுக்கு ஊரில் வழி இருக்கிறது. நான்காம் வருடம் என்னை எடுக்கவில்லை என்றால் என்ன செய்வேன் என்பதற்குச் சேருவதற்கு முன்பே ஒரு பதில் வைத்திருங்கள். டிகிரியைத் தபாலில் படித்துக்கொண்டே இருங்கள். வேலை கிடைக்காதவன் கடைசியாகப் போகிற இடம் என்று நினைத்தால் மட்டும் வேண்டாம்.

பதின்மூன்றாவது கேள்வி போரைப் பற்றியதே அல்ல. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்தில் முடிக்க முடியவில்லை, ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; பெயர் போடவில்லை, ஆனால் அவர் யார் என்று எனக்குத் தெரியும், மாடியிலிருந்து தினமும் பார்க்கிறேன். தம்பி, முதல் முந்நூறு மீட்டரில் எல்லோரையும் முந்திவிட்டுப் பிறகு செத்துப்போகிறீர்கள். 400 மீட்டர் சுற்று நான்கு என்று வைத்துக்கொண்டால் சுற்றுக்கு 82 விநாடிதான் கணக்கு. முதல் சுற்றை 80-க்குக் கீழே ஓடாதீர்கள், இரண்டாவதையும் மூன்றாவதையும் 83-இல் பிடித்துக்கொள்ளுங்கள், நான்காவதில் மிச்சமிருப்பதைக் கொட்டுங்கள். இப்போதெல்லாம் ஆள் எடுப்புப் பேரணிக்கு முன்பே கணினித் தேர்வு வந்துவிடுகிறது என்பதால், கால் மட்டும் போதாது, இரவில் அரை மணி கணக்கும் போடுங்கள். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நான் ஸ்டாப் வாட்சோடு மதகுப் பக்கம் நிற்பேன். ஏதாவது சொல்லவேண்டும் என்றால் என் வலப்பக்கமாக வந்து சொல்லுங்கள்.